குருக்கள் வீட்டுக் கராஜ் கதவு

இந்த இதழுக்கு நீரிழிவைப் பற்றியோ ரத்தக் கொதிப்பைப் பற்றியோ இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். நவராத்திரிச் சுண்டலுக்கும் தீபாவளி இனிப்புக்கும் நடுவில் அதை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே இந்த முறை ஒரு கதவைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன். கடைசியில் அது வைத்தியத்தில் வந்து முடிந்தாலும் முடியும்.

விஷயம் இதுதான். சென்ற மாதச் செயற்குழுவில், நம் கோவில் குருக்கள் குடியிருக்கும் வீட்டின் கராஜ் கதவுக்கு மின்சார மோட்டார் பொருத்துவது என்று தீர்மானமாயிற்று. டெக்ஸாஸுக்கு மாற்றலாகிப் போகும் அன்பர் ஒருவர், பெட்டி பிரிக்காத புது மோட்டார் ஒன்றைச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார். தொண்டர்கள் நால்வர் ஒரு சனிக்கிழமையில் மாட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகச் சங்கத்துக்குச் செலவு ஒரு காசும் இல்லை. பொருளாளர் இதை வாசித்ததும் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொடுத்தவருடைய மனத்தையோ, செய்ய முன்வந்தவர்களுடைய மனத்தையோ நான் குறை சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அபிஷேகத்துக்குப் புறப்படுகிற குருக்கள், ஒஹாயோ பனியில் தரையோடு ஒட்டிக்கொண்ட கதவைக் குனிந்து பெயர்த்துத் தூக்குவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். மோட்டார் வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் நாலு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. மழை பெய்தாலும் பனி பெய்தாலும் அவர்கள் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவது அந்தக் கராஜுக்குள்தான். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. மோட்டாரை மாட்டுவதற்கு முன்னால் கதவைச் சரி செய்ய வேண்டும். அதற்குக் காசு கொடுத்து, தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இதே காரியத்தை என் வீட்டில் நானே தப்பும் தவறுமாகச் செய்தவன் என்பதுதான்.

என் வீடு 1974இல் கட்டிய வீடு. பதினாறு அடி அகலத்தில் மரத்தாலான கராஜ் கதவு. நாங்கள் வாங்கின நாளிலிருந்து அதற்கு மோட்டார் இல்லை, தேவையும் படவில்லை. காரணம், எங்கள் காருக்கு அங்கே இடமே கிடையாது. சங்கத்து அண்டாக்கள், இட்லிக் கொப்பரை, கொலுப் படிகள், நாற்பது மடக்கு நாற்காலிகள் எல்லாம் கோவில் கட்டி முடிகிற வரையில் அங்கேதான் இருந்தன. பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். கார் வெளியே பனியில் நனைந்துகொண்டிருக்கும், கொப்பரை உள்ளே சுகமாக இருக்கும்.

2022இல் என் தாயார் மதுரையிலிருந்து வந்தார். வயது 78. இரண்டு முழங்காலும் தேய்ந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எங்கள் வீட்டு முன்வாசலுக்கு ஐந்து படி. நவம்பர் பிறந்தால் படியெல்லாம் ஐஸ். கராஜ் வழி ஒன்றுதான் சமதளமாக வெளியே போகக்கூடிய வழி. வெளியே போக அவருக்கு என்ன அவசரம் என்று நினைக்கலாம். சாப்பிடுவதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைத்தாக வேண்டும். அறுபது வருஷத்துப் பழக்கம். இங்கே வருவது பெரும்பாலும் அணில்தான் என்று சொன்னோம். அதுவும் வயிறுள்ள ஜீவன்தானே என்றார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அந்தக் கதவைத் தூக்க அவரால் முடியாது. யாராவது ஆறு மாதம் தாயாரையோ தகப்பனாரையோ அழைத்து வைத்துக்கொண்டவர்களுக்கு இது புரியும். அவர்களுக்கு இந்த நாட்டில் வீடு என்பது ஜன்னல் வழியாகத் தெரு பார்க்கிற இடம். ஒரு பொத்தானை அழுத்தி, தானாகவே வெளியே போய், தானாகவே உள்ளே வருவது சின்னக் காரியம் இல்லை. அதற்காகத்தான் மோட்டார் வைத்தேன்.

வைத்தவர்கள் நாங்கள் நால்வர். ஒருவர் ரசாயனப் பேராசிரியர், ஒருவர் கம்ப்யூட்டர்காரர், ஒருவர் பாலம் கட்டுகிற எஞ்சினியர், நான் டாக்டர். நாலு பேருக்கும் சேர்த்துப் பட்டங்கள் ஒன்பது இருக்கும். கராஜ் கதவை அறிந்தவர் ஒருவரும் இல்லை. மோட்டார், பேராசிரியர் தம் வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழையது. பின்புறத்தில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று கதவை ஏற்றும் விசைக்கு, ஒன்று இறக்கும் விசைக்கு. காலையில் ஆரம்பித்தோம், பதினொன்றரைக்குப் புளியோதரை, மூன்று மணிக்குக் காப்பி, நாலரைக்குக் கதவு தானாக மேலே போயிற்று. தேங்காய் உடைக்காத குறைதான்.

டிசம்பர் குளிரில் கதவு பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. ஏற்றும் திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன், போயிற்று. பிறகு இறங்கும்போது நின்று நின்று மேலே திரும்பியது. இறக்கும் திருகையும் திருப்பினேன். ஜனவரியில் வேறொரு தொந்தரவு. எங்கள் வீடு கிழக்கு பார்த்தது. குளிர்காலத்துச் சூரியன் தாழ்வாக வருகிறபோது, கதவின் இரு பக்கமும் தரையோரமாக வைத்திருக்கிறோமே இரண்டு சென்ஸார் கண்கள், அவற்றில் ஒளியை வாங்குகிற கண்ணில் வெயில் நேராக விழுந்தது. கண் கூசினால் கதவு இறங்காது. விளக்கு மட்டும் கண் சிமிட்டும். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்கிற அவசரத்தில் ஒரு நாள் இரண்டு கண்களையும் கழற்றி, மேலே மோட்டார் தொங்குகிற இரும்புச் சட்டத்தில் எதிரும் புதிருமாக வைத்து டேப் போட்டுச் சுற்றினேன். இந்த யோசனை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நம் சங்கத்துக்காரர்தான். அன்றிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. கண்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வாசலைப் பார்க்க யாரும் இல்லை.

என்னிடம் வருகிற நோயாளி ஒருவர், நெஞ்சு வலி வருகிறது, இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறேன், வலி தெரியவில்லை என்று சொன்னால் நான் என்ன பேச்சுப் பேசுவேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதையேதான் நான் கதவுக்குச் செய்தேன்.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. அம்மா ரிமோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ச் சாதம் வைத்துவிட்டுத் திரும்பினார். கதவைத் திறந்து போட்டால் வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்விடும், மகனுக்குக் காசு நஷ்டம் என்று அவருக்கு ஓயாத கவலை. நிலைக்கு வந்ததுமே, உள்ளே வந்தாயிற்று என்று எண்ணிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். தரையும் வாசல் சிமெண்டும் சேருகிற இடத்து விளிம்பில் வாக்கரின் சக்கரம் மாட்டிக்கொண்டது. கதவு தோளில் இறங்கியது. கண்கள் வாசலைப் பார்த்திருந்தால் கதவு பாதியிலேயே திரும்பியிருக்கும். விசையை நான் ஏற்றாமல் இருந்திருந்தால், தோளில் பட்டவுடனாவது திரும்பியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. அவர் கீழே சாய்ந்தார். வாக்கரின் அலுமினியக் கால்கள் வளைந்து, அதன் மேல் கதவு உட்கார்ந்தது. மோட்டார் உறுமிக்கொண்டே அழுத்தியது. சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி சுவர்ப் பொத்தானை அழுத்தினாள். கதவு மேலே போயிற்று. மேலே தொங்குகிற சிவப்புக் கைப்பிடியை அவள் இழுக்கவில்லை. அதன் அர்த்தம் எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் விளங்கியது.

இடது மணிக்கட்டு முறிந்தது. தோளில் கன்றிப்போன நீலம் மூன்று வாரம் இருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. 78 வயதில் இதோடு போயிற்றே என்று வைத்தியன் என்ற முறையில் எனக்குத் தெரியும். மகன் என்ற முறையில் அது ஆறுதலாக இல்லை. அவசர சிகிச்சைப் பகுதியில் எப்படி விழுந்தார் என்று நர்ஸ் கேட்டாள். கராஜ் கதவு இடித்துவிட்டது என்றேன். என்ன சொல்கிறாய் என்று அம்மா கேட்டார். சொன்னேன். "கதவு என்னடா பண்ணும்?" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்கு டேப் விஷயம் அப்போது தெரியாது. தாமே அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்திவிட்டோம் என்றுதான் நினைத்தார். ஒரு வாரம் கழித்து நான் சொல்லுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் தொழில்காரரைக் கூப்பிட்டேன். அறுபது வயது தாண்டிய அமெரிக்கர். இருபத்தைந்து வயதிலிருந்து இதே வேலை. அவர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவை முழுதாக மூடச் சொன்னார். சிவப்புக் கைப்பிடியை இழுத்து மோட்டாரைக் கதவிலிருந்து பிரித்தார். பிறகு கையால் கதவை இடுப்பு உயரம் தூக்கி, மெதுவாக விட்டுப் பார்த்தார். நிற்க வேண்டிய கதவு கீழே போயிற்று. "டாக்டர், உங்கள் மோட்டார் இத்தனை நாளாகக் கதவை இழுக்கவில்லை, சுமந்துகொண்டிருந்தது" என்றார்.

இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் நால்வரும் அறியாதது இதுதான். கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல. இரண்டு கார் நிற்கிற கராஜின் கதவு இருநூறு பவுண்டுக்குக் குறையாமல் இருக்கலாம். மரமானால் இன்னும் அதிகம். அந்தப் பாரத்தைச் சுமப்பது ஸ்ப்ரிங். கதவுக்கு மேலே குறுக்காக ஓடுகிற தண்டில் சுற்றியிருக்கும். அல்லது பழைய வீடுகளில் இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு மேலே நீளமாக இழுபட்டிருக்கும். ஏழடி உயரக் கதவுக்குத் தண்டு ஸ்ப்ரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கி வைக்கிறார்கள். அந்த முறுக்கு, இரு பக்கமும் உள்ள உருளைகளில் சுற்றிய எஃகு வடத்தின் வழியாகக் கதவின் அடிப்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நல்ல நிலையில் உள்ள கதவை ஒரு கையால் தூக்க முடிகிறது. கிணற்றுத் துலாவில் பின்னால் கல் கட்டியிருப்பார்களே, அந்தத் தத்துவம்தான். மோட்டாருக்கு மிச்சமிருப்பது கதவை நகர்த்துகிற வேலை. மேல்நோக்கி எழும்பும் கதவை ஜான்சன் என்பவர் இந்நாட்டில் உருவாக்கியது 1921இல். மின்சார மோட்டாரை 1926இல் கொண்டுவந்தார். நூறு வருஷத்தில் அந்த அமைப்பு அதிகம் மாறவில்லை.

ஸ்ப்ரிங்குக்கு ஆயுசு உண்டு. சாதாரண ஸ்ப்ரிங்கைப் பத்தாயிரம் தடவை திறந்து மூடுவதற்குக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருஷம்கூட வராது. கையால் திறக்கிற கதவை நாம் அவசியத்துக்குத்தான் திறப்போம். மோட்டார் வந்ததும் குப்பைத் தொட்டிக்கு, தபாலுக்கு, சும்மா எட்டிப் பார்க்க என்று நாளுக்குப் பத்துத் தடவை திறப்போம். ஆகக் கிழட்டு ஸ்ப்ரிங்குள்ள பழைய கதவில் புது மோட்டாரை வைப்பது, நடக்கவே மூச்சு வாங்குகிறவரை ஓடச் சொல்லுவதைப் போல. மோட்டாருக்கும் கேடு, கதவுக்கும் கேடு. அதைவிடப் பெரிய கேடு, கதவின் கனம் யாருக்கும் தெரியாமல் மறைந்துபோவது. கையால் தூக்குகிறவனுக்குக் கனம் தோளில் தெரியும். பொத்தான் அழுத்துகிறவனுக்கு எதுவும் தெரியாது.

சிவப்புக் கைப்பிடி விஷயமும் இதுதான். அதை இழுத்தால் மோட்டாரின் பிடி கதவிலிருந்து விடுபடுகிறது. ஸ்ப்ரிங் சரியாக இருந்தால் கதவு நின்ற இடத்தில் நிற்கும். தளர்ந்தோ முறிந்தோ இருந்தால் கதவு அப்படியே விழும். என் மனைவி அன்று பதற்றத்தில் அதை இழுத்திருந்தால், வளைந்த வாக்கர் தாங்கியிருக்காது. ஆபத்துக்கு உதவுவதற்காக வைத்த கைப்பிடியே ஆபத்தாகியிருக்கும். கதவு திறந்திருக்கும்போது அதை இழுக்கக் கூடாது. கூடுமானவரை மூடியிருக்கும்போதுதான் இழுக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி ஸ்ப்ரிங்கை முறுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் முகத்தைக் கம்பியின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார். கை நழுவினால் அந்தக் கம்பி சுழன்று அடிக்கும் அடியில் பல்லும் விரலும் தப்பாது. கதவின் அடி மூலையில் வடம் கோத்திருக்கிற இரும்புத் துண்டின் திருகுகளில் சில கம்பெனிகள் சிவப்பு வர்ணம் பூசுவது அலங்காரத்துக்கு அல்ல. தொடாதே என்று அர்த்தம். அவர் கூலி சில நூறு டாலர் ஆயிற்று. அம்மாவின் கட்டுக்கு ஆனதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனி குருக்கள் வீட்டுக்கு வருகிறேன். சென்ற வாரம் அனுமதி கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாமி காப்பி கொடுத்தார். பிள்ளைகள் இரண்டும் கூடவே வந்து ஒவ்வொரு போல்ட்டையும் என்ன என்ன என்று கேட்டன. அது ஒன்பது அடி அகலமுள்ள ஒற்றைக் கதவு, மரம். இரு பக்கமும் நீள ஸ்ப்ரிங்குகள். கதவை இடுப்பு உயரம் தூக்கி விட்டேன். தரையில் போய் விழுந்தது. ஒரு பக்கத்து ஸ்ப்ரிங் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படியாகத் தொய்ந்திருக்கிறது. கதவு கோணலாக ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஸ்ப்ரிங்குகளின் நடுவே ஓட வேண்டிய காவல் வடம் இரண்டு பக்கமும் இல்லை. நீள ஸ்ப்ரிங் முறிந்தால் சாட்டையைப் போல வீசிக்கொண்டு கராஜின் மறுகோடிக்குப் போகும். அப்படிப் போகாமல் பிடித்து வைப்பதற்கு உள்ளே ஒரு வடத்தைக் கோத்து இரு முனையிலும் கட்டுவார்கள். அதற்குக் கீழேதான் அந்தச் சைக்கிள் நிற்கிறது.

இந்தக் கதவில் நாளைக்கே புது மோட்டாரை மாட்டினாலும் ஓடும். அதுதான் எனக்குப் பயம். ஓடாமல் இருந்தால் யாராவது ஆளைக் கூப்பிடுவோம். ஓடினால் படம் எடுத்து இந்த மடலில் போடுவோம்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். முதலாவது, நம் கைகளால் செய்கிற தொண்டுக்கு நாமே மதிப்புக் கொடுக்கவில்லை என்பது. இந்தக் கோவிலின் சுவருக்கு வர்ணம் அடித்தது, மடைப்பள்ளிக்கு ஓடு பதித்தது, எல்லாம் சனிக்கிழமைத் தொண்டர்கள். நானும் ஓடு பதித்தேன். கோணலாக இருக்கிற மூன்று ஓடுகள் என்னுடையவை. ஓடு கோணினால் யாருக்கும் காயமில்லை. ஆனால் கோவிலின் மின்சாரப் பெட்டியைத் தொண்டர்களை விட்டு மாட்டினோமா? உரிமம் பெற்றவரைத்தானே கூப்பிட்டோம். ஸ்ப்ரிங் அந்த வகையைச் சேர்ந்தது. ஸ்ப்ரிங்கும் வடமும் தொழில்காரருக்கு. மோட்டார் நம் நால்வருக்கு. இதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

இரண்டாவது, இப்போது வரும் மோட்டார்களில் எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறதே என்பது. இருக்கிறது. எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் எச்சரிக்கைத் தாள் ஒன்று, 1982 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு முதல் பதினாலு வயது வரையுள்ள குழந்தைகள் சுமார் 60 பேர் இந்தத் தானியங்கிக் கதவுகளின் கீழ் அகப்பட்டு இறந்ததாகச் சொல்லுகிறது. பொத்தானை அழுத்திவிட்டு, கதவு மூடுவதற்குள் குனிந்து ஓடுகிற விளையாட்டு எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். 1990இல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகிற ஒவ்வொரு வீட்டு மோட்டாரும், எதன் மேலாவது பட்டால் திரும்ப வேண்டும் என்பதோடு, சென்ஸார் கண் போன்ற இரண்டாவது காவலும் கொண்டிருக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்தக் கண்களை டேப் போட்டு மேலே கட்டுகிறபோது, நான் எதைக் கட்டி வைத்தேன் என்று இப்போது தெரிகிறது. என் வீட்டு விபத்துக்குப் பிறகு, போகிற வீடுகளிலெல்லாம் கராஜ் மேல்புறத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம் உறுப்பினர்கள் வீடுகளில் இரண்டில் கண்களை மேலே பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன், அன்றே இறக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமைத் தொண்டர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். பழைய கதவில் கையால் இழுப்பதற்குக் கட்டிய கயிறு இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள், பிள்ளைகள் கழுத்தில் மாட்டும். பழைய தாழ்ப்பாளையும் கழற்றுங்கள் அல்லது அசையாமல் செய்யுங்கள். தாழ்ப்பாள் போட்டிருக்கையில் மோட்டார் இழுத்தால் கதவு கிழியும். மரக்கதவின் மேல் பலகை, நடுவில் ஒரே இடத்தில் இழுக்கிற இழுப்பைத் தாங்காது. குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் கொடுத்த பிறகுதான் மோட்டாரின் கையை இணைக்க வேண்டும். எங்கள் கதவில் நாங்கள் அதைச் செய்யவில்லை, பலகை வெடித்தது. மோட்டாரைக் கூரைப் பலகையில் தொங்கவிடாமல், உள்ளே இருக்கிற மரச் சட்டத்தைத் தேடி அதில் முடுக்குங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி வேண்டாம். பக்கத்தில் பிளக் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒன்று போடச் சொல்லலாம். சுவர்ப் பொத்தானை ஐந்தடிக்குக் குறையாத உயரத்தில், அதை அழுத்துகிறவர் கண்ணுக்குக் கதவு தெரிகிற இடத்தில் வையுங்கள். சென்ஸார் கண்கள் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தவழ்கிற குழந்தை அந்த உயரத்தில்தான் இருக்கும். வெயில் விழுந்தால் வாங்குகிற கண்ணையும் அனுப்புகிற கண்ணையும் பக்கம் மாற்றுங்கள். பத்து நிமிஷ வேலை. நான் அதைச் செய்திருக்கலாம். கண் வேலை செய்யாத அவசரத்தில், சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கதவு இறங்கும். நாம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்போம் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. கடையில் இரண்டுக்கு நாலு என்று விற்கிற மரத் துண்டு ஒன்றைக் கதவின் நடுவில் தரையில் படுக்கையாக வைத்து மூடுங்கள். ஒன்றரை அங்குல உயரம்தான் இருக்கும். அதன் மேல் பட்டு இரண்டு நொடிக்குள் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சரி செய்கிற வரை மோட்டாரை உபயோகிக்க வேண்டாம். இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அமாவாசை தோறும் செய்கிறோம், மறக்காமல் இருப்பதற்காக.

வைத்தியன் என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மோட்டார் வந்ததும் சௌகரியம் வருகிறது. குளிர் காலையில் காரைக் கராஜுக்குள்ளேயே ஓட விட்டுச் சூடேற்றலாம் என்று தோன்றும். கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாசனையற்றது. ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கிற சாதாரணக் கருவி அப்போதும் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். குருக்கள் வீட்டில் குழந்தைகள் தூங்குகிற அறை கராஜுக்கு நேர் மேலே. படுக்கையறைக்கு வெளியே கருவி ஒன்று மாட்டுவதற்கு நான் என் செலவில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது தீர்மானத்துக்கு வர வேண்டாம்.

மின்சாரம் நின்றுபோகிற நாளையும் யோசிக்க வேண்டும். 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத் தீ வந்தபோது, மின்சாரம் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின் அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல், புதிதாக விற்கிற மோட்டார்களில் பாட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்குத் தீ இல்லாவிட்டாலும் ஐஸ் புயல் உண்டு. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிற வீடுகளில், வந்த முதல் வாரத்திலேயே சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கதவைக் கையால் தூக்கிக் காட்டுங்கள்; அவர்களையே ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். அவர்களால் தூக்க முடியவில்லை என்றால், ஸ்ப்ரிங்கைப் பற்றிய பதில் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

என் தாயார் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். கை கூடிவிட்டது; சப்பாத்தி மாவு மட்டும் முன்போல் பிசைய முடியவில்லை. கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் காக்கைச் சாதத்தை என் மகன் வைத்தான். பிறகு மறுபடி அவரே. ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டோம். உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்ப் பொத்தானை அழுத்திக் கதவு தரையைத் தொடுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகப் பொத்தானுக்குக் கீழே அந்த நாற்காலியைப் போட்டிருக்கிறோம். சங்கத்து மடக்கு நாற்காலி. திருப்பிக் கொடுக்க மறந்தது.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். குருக்கள் வீட்டுக் கதவின் இரண்டு ஸ்ப்ரிங்குகளையும் தொழில்காரரைக் கொண்டு மாற்றி, காவல் வடம் போட்ட பிறகே மோட்டார் பொருத்தப்படும் என்று. அதற்கான தொகையில் பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதிக்குப் பொருளாளர் யோசனை சொல்லட்டும். அடுத்த கூட்டம் வரையில் அந்த மோட்டார்ப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுகிற அன்றைக்கு நானும் வருகிறேன். மரத் துண்டை நான் கொண்டுவருகிறேன்.